அண்ணி நடத்திய நாற்றுப் பரீட்சை

பாப்பாவுக்கு முப்பத்தைந்து வயது ஆகிவிட்டதை அந்த வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அம்மா பாப்பா என்றாள், அண்ணன் பாப்பா என்றான், உர மூட்டை இறக்கவரும் வண்டிக்காரர்கூட வாசலில் நின்றபடி "பாப்பா, ஒரு கையெழுத்து" என்று குரல் கொடுத்தார். பாப்பா எங்கே என்று புதிதாக யாராவது தேடினால், நாற்றுக் குடிலுக்குள் கூட்டிப்போய், ஒரு தக்காளி நாற்றோடு மூக்கும் மூக்குமாக உட்கார்ந்திருக்கும் பெண்மணியைக் காட்டினார்கள். தேடிவந்தவர் சுற்றுமுற்றும் பார்ப்பார். அவர் வேறு ஏதோ எதிர்பார்த்து வந்திருப்பார்.

காய்கறி நாற்று வளர்த்து விற்பதுதான் குடும்பத் தொழில். தெருவைப் பார்த்துச் சின்னதாக ஒரு கடை, அதற்குப் பின்னால் வீடு, வீட்டுக்குப் பின்னால் பச்சை வலை போர்த்திய நீளக் குடில். குடில் பாப்பாவுக்கும் அண்ணனுக்கும். கடை அம்மாவுக்கு. இப்படியே நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் சாயங்காலம் அம்மா கடைக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்து, சாவியைச் சாப்பாட்டு மேசையில் தட்டுகளுக்கு நடுவில் வைத்தாள்.

"என்னால முடியாது. வருஷக்கணக்கா ஒரே கேள்வி. இது காய்க்குமா, எப்ப காய்க்கும், காய்க்கலைன்னா என்ன பண்ணுவீங்க. இன்னிக்கு ஒருத்தர் கேக்கறார், செடிய பீரோ பக்கத்துல வெச்சா வருமான்னு."

"நீ என்னம்மா சொன்ன?" என்றான் அண்ணன்.

"பீரோ வாடிடும், வேணாம்னேன். வாங்கிட்டுப் போயிட்டார். இனிமே உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் கடையில உக்காருங்க. யாருன்னு நீங்களே பேசி முடிவு பண்ணிக்குங்க. எனக்கு ஆள் வேணும், அவ்வளவுதான்."

பாப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். அவள் கடையில் உட்கார்ந்த அனுபவம் ஒரே ஒரு மதியம். அம்மா பல் பிடுங்கப் போயிருந்த அன்று, கத்தரி நாற்று கேட்டு வந்த ஒருவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உங்களைப் பாத்தா தண்ணி ஊத்தற ஆள் மாதிரி தெரியல" என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள். அவர் வாடிக்கையாளர். அதோடு எதிர்வீட்டுக்காரரும்கூட. அதற்குப் பிறகு அவர் தெருவில் பாப்பாவைக் கண்டால் எதிர்ச்சாரியில் நடந்தார். மனிதர்களோடு பேசுவதென்றால் பாப்பாவுக்கு ஒன்று நாக்கு நீளமாகிவிடும், இல்லையென்றால் காணாமலே போய்விடும். நடுத்தரமான நாக்கு அவளுக்கு வாய்க்கவில்லை.

அண்ணனுக்குப் பேச்சுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கடை என்பது குடிலில் இடமில்லாதவர்களுக்கு என்று அவன் முடிவு கட்டியிருந்தான். அதுவும் அந்தச் சமயம் அவன் கையில் பளபளவென்று ஒரு விதைப் பொட்டலம் கிடைத்திருந்தது. ஹைப்ரிட் தக்காளி. அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நேரம் கிடைத்தபோதெல்லாம் வெளியே எடுத்துத் துடைத்து வைத்தான்.

"நியாயமா பாத்தா கடைக்குப் போக வேண்டியது நீதான் பாப்பா. உன் நாட்டு விதைய இன்னும் எத்தனை நாள் கட்டிக்கிட்டு அழுவ? ஒண்ணு முளைக்குது, ஒண்ணு தூங்குது, ஒண்ணு முளைக்கலாமா வேண்டாமான்னு யோசிக்குது. ஹைப்ரிட் பாரு. விசில் ஊதினா எழுந்து நிக்கும்."

"நிக்கும். அதோட விதைய அடுத்த வருஷம் எடுத்துப் போட்டுப் பாரு, ஒவ்வொண்ணு ஒவ்வொரு பக்கம் ஓடும். மறுபடி பொட்டலத்துக்குக் கை நீட்டணும். என்னோடது வருஷா வருஷம் நானே எடுத்து வெக்கறது."

"எடுத்து எங்க வெக்கற? இருமல் மருந்து பாட்டில்ல."

"காலி பாட்டில்தானே. அதுக்கென்ன இப்ப?"

இந்தச் சண்டை விடியும்வரை நடந்திருக்கும். அண்ணி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"ரெண்டு ரகத்தையும் ஒண்ணா விதைச்சுப் பாத்தா தெரிஞ்சுட்டுப் போகுது. நாற்றா இருக்கும்போதே எது நல்லா நிக்குதோ, அந்த ஆள் குடில்ல இருக்கட்டும். மத்த ஆள் கடைக்கு. நான் நடத்தறேன்."

அண்ணி பள்ளிக்கூடத்தில் புவியியல் சொல்லிக்கொடுத்தாள். ஆனால் அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது புவியியல் அல்ல, பரீட்சை மேற்பார்வை. அவள் நடந்தால் செருப்புச் சத்தம் கேட்காது. முதுகைக் காட்டிக்கொண்டு கரும்பலகையில் நேரத்தை எழுதியபடியே, "மூணாவது பெஞ்சு, அந்தத் துண்டுச் சீட்ட மெல்லாம வெளிய எடு" என்பாளாம். உலகத்தில் பிறந்த அத்தனை பேரும் சந்தர்ப்பம் கிடைத்தால் காப்பி அடிப்பார்கள் என்பது அவள் கொள்கை. அந்தக் கொள்கையோடுதான் அவள் இந்தக் குடும்பத்துக்குள் மருமகளாக வந்தாள், அதை மாற்றிக்கொள்ளும்படி இங்கே எதுவும் நடக்கவில்லை.

மறுநாளே அண்ணி பொட்டலத்தையும் இருமல் மருந்து பாட்டிலையும் வாங்கிக்கொண்டு குடிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வந்தபோது இரண்டு மேசைகள் தயாராக இருந்தன. ஒன்றன் காலில் மஞ்சள் நாடா, மற்றதன் காலில் சிவப்பு நாடா. ஒவ்வொன்றின் மேலும் சின்னச் சின்னக் குழிகள் உள்ள ஒரு நாற்றுத் தட்டு. குழிக்கு ஒரு விதை.

"எது என்னன்னு என் மண்டைக்குள்ள இருக்கு. யாரும் கேக்கக் கூடாது. காலையில பாப்பா தண்ணி தெளிக்கணும், சாயங்காலம் இவர். ரெண்டு தட்டுக்கும் ஒரே அளவு. தண்ணியத் தவிர வேற எதுவும் உள்ள போகக் கூடாது." சொல்லிவிட்டு, ஒருவேளை சட்டைப்பைகளைச் சோதிக்கலாமா என்று யோசிப்பவள் மாதிரி இருவரையும் ஒரு பார்வை பார்த்தாள்.

முதலில் முளைத்தது மஞ்சள் மேசை.

காரணம் எளிது. அது கதவுப் பக்கம் இருந்தது, காலை வெயில் அங்கேதான் முதலில் விழும். பாப்பாவுக்கும் தெரியும், அண்ணனுக்கும் தெரியும். வேறு யாராவது கேட்டிருந்தால் இருவருமே இதைத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் அன்று காலை, குழியில் நிரப்பிய கருந்தூளைத் தலையில் தூக்கிக்கொண்டு வளைந்து எழும் அந்தப் பச்சைக் கொக்கிகளைப் பார்த்ததும் பாப்பாவின் நெஞ்சுக்குள் ஒரு ஜன்னல் திறந்தது. என் பிள்ளைங்கதான், என்றது உள்ளே ஒரு குரல். ஒன்று நிமிர்ந்திருந்தது, பக்கத்தில் இருந்தது இன்னும் தலை குனிந்திருந்தது, அதற்கு அடுத்தது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆளுக்கொரு குணம். வேறு எந்த விதை இப்படி முளைக்கும்?

அன்று சாயங்காலம் அதே தட்டின் முன்னால் அண்ணன் நின்றான். ஒரு செடி விட்டு ஒரு செடி, அளவெடுத்த மாதிரி ஒரே உயரம். இடையில் சில பின்தங்கியிருந்தன, ஆனால் அதெல்லாம் அவன் கண்ணில் படவில்லை. என்ன ஒழுங்கு, என்ன கட்டுப்பாடு என்று பூரித்துப்போனான். ராத்திரி சாப்பிடும்போது அண்ணன் தங்கை இருவர் முகத்திலும் ஒரே மாதிரி ஒரு சிரிப்பு, உதட்டோரமாக ஒளிந்துகொண்டிருந்தது. ஒருவருக்கொருவர் பரிதாபப்பட்டு நல்ல துண்டங்களை மற்றவர் தட்டில் எடுத்து வைத்தார்கள். அம்மாவுக்குக் கவலையாகிவிட்டது.

அதற்குப் பிறகு பாப்பா செய்ததை வேறு ஒருத்தி செய்திருந்தால் பாப்பாவே அவளைக் குடிலுக்குள் விட்டிருக்க மாட்டாள். நாற்றுக்குத் தண்ணீர் அதிகமானால் தண்டு நீண்டு நூலாகும், உரம் அதிகமானால் இலை கொழுத்து வேர் சோம்பேறியாகும் என்று எத்தனையோ பேருக்குச் சொன்னவள். சொன்ன வாயை மூடிக்கொண்டு, மீன் கழிவை ஊறவைத்து எடுத்த கரைசலைச் சின்னக் குப்பியில் அடைத்து, மழைச் சட்டைப்பையில் மறைத்து, வெயில் காயும் காலையில் மழைச் சட்டை போட்டுக்கொண்டு குடிலுக்குப் போனாள். மஞ்சளுக்கு ஒரு மூடி. பார்க்கப் பாவமாக இருந்ததால் இன்னொரு மூடி. சிவப்புக்குக் கடமைக்கு நாலு துளி தண்ணீர். எதிரி வீட்டுப் பிள்ளைக்கு அது போதும்.

சாயங்காலம் அண்ணன் வந்தான். அவன் பையில் நீலநிற உர உப்பு, தண்ணீரில் போட்டால் உடனே கரைவது. மஞ்சளுக்குத் தாராளமாக ஊற்றினான். சிவப்பைப் பார்த்து, "நீங்க அத்தை வீட்டுப் பிள்ளைங்க மாதிரி, அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க" என்று சொல்லிவிட்டுக் கையை உதறினான். அந்த உதறலில் விழுந்ததுதான் அவற்றின் பங்கு.

அண்ணி தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் குடிலுக்குள் ஒரு சுற்று சுற்றினாள்.

"மீன் வாடை அடிக்குதே."

"பூனை வந்திருக்கும் அண்ணி" என்றாள் பாப்பா.

"பூனை மழைச் சட்டை போட்டுட்டு வருமா?"

ராத்திரி மேசையில் அண்ணி கணவனின் விரலைப் பிடித்து விளக்குப் பக்கம் திருப்பினாள்.

"ஏங்க, என்ன இது நீலமா?"

"பேனா ஒழுகிடுச்சு."

அண்ணன் கடைசியாகப் பேனா பிடித்தது கல்யாணப் பதிவின்போது. அண்ணி அந்த விரலை அவனிடமே திருப்பிக் கொடுத்தாள். பரீட்சை முடியும்வரை அவள் யாரையும் எழுப்பி வெளியே அனுப்பமாட்டாள், அது அவள் வழக்கம். எழுதட்டும், எவ்வளவு தூரம் போகிறார்கள் பார்க்கலாம் என்று விட்டுவிடுவாள்.

மஞ்சள் தட்டு கிடுகிடுவென்று வளர்ந்தது. இலை கரும்பச்சை, தண்டு ஒட்டகச்சிவிங்கிக் கழுத்து. காற்று வந்தால் தட்டே ஒரு பக்கமாகச் சாய்ந்து மறுபக்கமாக நிமிர்ந்தது. பாப்பா மனக்கண்ணில் அம்மாவின் நாற்காலியில் அண்ணனை உட்கார வைத்துப் பார்த்தாள். பொருத்தமாகத்தான் இருந்தான். பீரோக்காரருக்கு அவன்தான் லாயக்கு.

ஒருநாள் காலை கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள். மஞ்சள் தட்டில் ஒன்றுகூட நிற்கவில்லை. தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் பழுப்பேறி, நூலாக இளைத்து, அத்தனையும் ஒன்றன்மேல் ஒன்று படுத்துக் கிடந்தன. நாற்றழுகல். ஈரமும் கொழுப்பும் கூடினால் வருவது. பாப்பா முக்காலியில் உட்கார்ந்து கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். அழுகை வரவில்லை, அதைவிட மோசமான ஒன்று கண்முன் வந்தது, கடையின் கண்ணாடிக் கதவு.

அண்ணன் பல் துலக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தான். பிரஷ் வாயிலேயே நின்றது. மெல்ல வந்து பக்கத்தில் ஒரு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தான். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் துக்க வீட்டில் இருப்பதுபோல இருந்தார்கள்.

"விடு அண்ணா" என்றாள் பாப்பா. அவன் முகத்தைப் பார்க்க அவளுக்கே உருகியது. "நீ எதுக்கு இவ்வளவு கலங்கற?"

"நான் கலங்காம வேற யாரு கலங்குவா?"

"பெரிய மனசு உனக்கு. தங்கச்சி செடி போனதுக்கு எந்த அண்ணன் பிரஷ்ஷ வாயில வெச்சுட்டு உக்காருவான்."

அண்ணன் பிரஷ்ஷை வெளியே எடுத்தான். "தங்கச்சி செடியா? செத்தது என் ஹைப்ரிட்டு."

"உன்னோடதா? இத்தனை நாளா நான் மீன் ஊத்தினது யாருக்கு?"

"நான் உப்பு கரைச்சு ஊத்தினது யாருக்கு?"

சொன்ன பிறகுதான் இருவருக்கும் தாங்கள் சொன்னது காதில் விழுந்தது. பாப்பா மெதுவாகத் தலையைத் திருப்பினாள். அண்ணனும் திருப்பினான். யாரும் கவனிக்காத சிவப்பு மேசையில், கட்டையாக, தண்டு தடித்து, லேசாக ஊதாநிறம் ஓடி, இரும்புக் கம்பி மாதிரி நின்றுகொண்டிருந்தன நாற்றுகள். தண்ணீர் குறைந்தால் நாற்று இப்படித்தான் இறுகும். அதுவும் இருவருக்கும் தெரிந்த விஷயம்தான்.

"ஒண்ணு சொல்லட்டா" என்றான் அண்ணன். "எனக்கு ஆரம்பத்துல இருந்தே சிவப்பு மேலதான் சந்தேகம். ஹைப்ரிட்டோட முகக்களை அதுலதான் இருக்கு."

"இப்ப செத்தது உன்னோடதுன்னு சொன்னியே."

"துக்கத்துல சொன்னது."

"அது என்னோடது அண்ணா. பட்டினி போட்டாலும் நிக்குது பாரு, அது நாட்டு விதைதான்."

"நான் பட்டினி போட்டதால நிக்குது."

"நானும்தான் போட்டேன்."

"இன்னிக்கு ஒரு வழியா ரெண்டு பேரும் விடைத்தாள மேசை மேல வெச்சுட்டீங்க" என்றது அண்ணியின் குரல். பள்ளிக்கூடப் பை தோளில், கை கட்டிக்கொண்டு கதவோரம் நின்றாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

"அண்ணி, நீங்களே சொல்லுங்க. சிவப்பு யாரோடது?"

"மேசைக்கு ஒரு ரகம்னு நான் எப்ப சொன்னேன்?"

இருவரும் மேசைக் கால்களில் இருந்த நாடாக்களைப் பார்த்தார்கள்.

"பரீட்சை ஹால்ல ஒரே கிளாஸ் பசங்கள பக்கத்துல பக்கத்துல உக்கார வெப்பாங்களா? ஒரு பத்தாம் கிளாஸ், பக்கத்துல ஒரு எட்டாம் கிளாஸ். அடுத்த பெஞ்சுல மாத்தி. அப்படித்தான் விதைச்சேன். ஒரு குழியில ஹைப்ரிட்டு, அடுத்ததுல நாட்டு. ரெண்டு தட்டும் அப்படியேதான்."

"அப்ப இந்த மஞ்சள்ல..." என்று ஆரம்பித்தான் அண்ணன்.

"ரெண்டு பேரும் சேர்ந்து ரெண்டு பேரோடதையும் கொன்னுட்டீங்க. ஆளுக்குப் பாதி. அந்த விஷயத்துல நல்ல ஒத்துமை."

அண்ணி சிவப்புத் தட்டின் மூலைக் குழியைத் தொட்டுக் காட்டினாள். "இது ஹைப்ரிட்டு. இங்கேருந்து ஒண்ணு விட்டு ஒண்ணு பாருங்க."

இப்போது தெரிந்தது. ஒன்று விட்டு ஒன்றாகப் பார்த்தால், அண்ணனுடையவை எல்லாம் ஒரே உயரம், ஒரே தடிமன், இலைகூட ஒரே பக்கம் திரும்பியிருந்தது. அவற்றுக்கு இடையே பாப்பாவுடையவை சந்தைக்கு வந்த கூட்டம் மாதிரி. ஒன்று எல்லாரையும்விட ஓங்கி நின்றது, ஒன்று அதன் இடுப்புக்கும் வரவில்லை, ஒன்று இலையை அகல விரித்து இரண்டு பேர் இடத்தை எடுத்துக்கொண்டிருந்தது.

"ஒரு கிளாஸ் மொத்தமும் அறுபது மார்க். இன்னொரு கிளாஸ்ல தொண்ணூறும் இருக்கு, பன்னெண்டும் இருக்கு. நான் எதை ஜெயிச்சதுன்னு சொல்றது? அதுலயும் ரெண்டு பேரும் காப்பி. ரிசல்ட்ட நிறுத்தி வெக்கறேன்" என்று சொல்லிவிட்டு அண்ணி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ரிசல்ட்ட நிறுத்தி வெச்சா கடையில யாரு உக்காருவா?" என்று கேட்டபடி அம்மா உள்ளே வந்தாள். "வெளிய ஒருத்தர் வந்து நிக்கறார். பேசறதுக்கு எனக்குத் தெம்பு இல்ல. நகருங்க, இருக்கறதையாவது விக்கற மாதிரி பண்ணுவோம்."

பாப்பாவை எழுப்பிவிட்டு முக்காலியில் உட்கார்ந்து, சிவப்புத் தட்டை முன்னால் இழுத்தாள். விற்கும் தட்டில் நோஞ்சான்களைக் களைவது வழக்கம்தான். அம்மா குட்டையாகத் தெரிந்த ஒன்றைப் பிடுங்கிக் கீழே போட்டாள். அடுத்த குட்டையைப் பிடித்தாள்.

"அம்மா, அது வேணாம்."

"ஏன்டி? நோஞ்சான்."

"நோஞ்சான் இல்லம்மா. அது மெதுவாத்தான் எழும். தண்டப் பாரு, அடி எவ்வளவு தடிமன். கடைசியில அதுதான் நிறைய காய்க்கும். பிடுங்கணும்னா அந்த உசரத்தப் பிடுங்கு. அது வெறும் வேகம், உள்ள ஒண்ணுமில்ல."

"எனக்கு எல்லாம் செடிதான்" என்று அம்மா மறுபடி கையை நீட்டினாள்.

பாப்பாவுக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. கடை என்றதும் அவள் பயந்ததெல்லாம் கண்ணாடிக் கதவுக்கும் கேள்விகளுக்கும். அதெல்லாம் ஒன்றுமே இல்லை. அவள் அங்கே உட்கார்ந்திருக்கும்போது இங்கே யாரோ ஒருவர் நல்ல மனசோடு, ஒவ்வொரு தட்டிலும் குட்டைகளை எல்லாம் பிடுங்கிப் போடுவார். ஒரு பருவம் போதும். மிஞ்சிய செடிகளில் எடுக்கும் அடுத்த விதை எல்லாம் வெறும் வேகமாகத்தான் இருக்கும். பாட்டில் இருக்கும், உள்ளே அவளுடைய ரகம் இருக்காது.

"சரி" என்றாள். "நான் கடைக்குப் போறேன். அண்ணா, நீயே இங்க இரு. ஆனா இந்தக் குட்டைங்கள மட்டும் யாரையும் தொட விடாத. இங்க வா, காட்டறேன். இது வெக்கணும். இது குட்டை, ஆனா வெக்கக் கூடாது, இலை சுருங்கியிருக்கு பாரு. இதுவும் அதுவும் ஒரே மாதிரி தெரியும், ஆனா இல்ல."

அண்ணன் குனிந்து பார்த்தான். கண்ணைச் சுருக்கினான், விரித்தான். அவனுக்கு மூன்றும் குட்டைத் தக்காளி நாற்றுகளாகவே தெரிந்தன.

"இதெல்லாம் யாரு பாப்பா உக்காந்து பாக்கறது? ஒண்ணொண்ணையும் பேர் சொல்லிக் கூப்பிடணும் போல. என்னோடதப் பாரு." இங்கே அவன் குரலில் பழைய தெம்பு வந்தது. "கண்ண மூடிட்டு எதைப் பிடுங்கினாலும் நஷ்டமில்ல. ஒண்ண பாத்தா போதும், எல்லாத்தையும் பாத்தாச்சு. பக்கத்துல ஆளே வேணாம். தண்ணி ஊத்த ஒரு குழந்தை போதும்."

வாசலைத் தாண்டப்போன அண்ணி திரும்பி வந்தாள்.

"ஏங்க, இன்னொரு தடவ சொல்லுங்க."

மனைவி தன் பேச்சை மறுபடி கேட்க ஆசைப்படுவது அந்த வீட்டில் அடிக்கடி நடப்பதல்ல. அண்ணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இன்னும் கொஞ்சம் சேர்த்தே சொன்னான். "ஹைப்ரிட்டுக்கு ஆளே வேணாம்னு சொல்றேன். அதுபாட்டுக்கு வரும்."

"அப்ப ரிசல்ட் போட்டுடலாம். உங்க செடிக்கு ஆள் வேணாம். அவ செடிக்கு ஆள் வேணும். கடைக்கும் ஆள் வேணும். நீங்க கிளம்புங்க."

"அடியே, நான் பெருமைக்குச் சொன்னேன்."

"எழுதிக் கொடுத்த பேப்பர திருப்பிக் கேக்கக் கூடாது."

அண்ணன் அம்மாவைப் பார்த்தான். அம்மா ஏற்கனவே எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டிருந்தாள், கடைக்கு ஆள் கிடைத்துவிட்ட நிம்மதி முகமெல்லாம். தங்கையைப் பார்த்தான். பாப்பா கீழே குனிந்து, அம்மா பிடுங்கிப் போட்ட நாற்றை வேர் உடையாமல் எடுத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் முறையிட்டுப் பயனில்லை, அவள் மனசு அங்கே இல்லவே இல்லை.

"வாயைக் கொடுத்தேன், வாங்கிக் கட்டிக்கறேன்" என்று முணுமுணுத்துவிட்டு அவன் நடந்தான். பிரஷ் இன்னும் கையில் இருந்தது.

எல்லாரும் போன பிறகு பாப்பா முக்காலியில் உட்கார்ந்தாள். முதலில் அண்ணன் பங்கை முடித்துவிடலாம் என்று அவன் சொன்னபடியே கண்ணை மூடிக்கொண்டு கை வைத்தாள். மனசு கேட்கவில்லை, திறந்து பார்த்தாள். ஒன்றுகூட நோஞ்சான் இல்லை. அவன் சொன்னது உண்மைதான், எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தன, நன்றாகவும் இருந்தன. ஒத்துக்கொள்ளக் கொஞ்சம் கசந்தது. அவற்றை அப்படியே விட்டுவிட்டுத் தன்னுடையதில் முதல் செடிக்கு வந்தாள். அடித்தண்டைப் பார்த்தாள், இலையின் பின்புறத்தைப் பார்த்தாள், தட்டைத் திருப்பி மறுபக்க வெளிச்சத்தில் பார்த்தாள்.

கடையிலிருந்து அண்ணனின் குரல் வந்தது. யாருக்கோ எதையோ நீளமாக விளக்கிக்கொண்டிருந்தான், நடுவில் அந்த யாரோ சிரிப்பதும் கேட்டது. பிறகு சத்தமாகக் கூப்பிட்டான்.

"பாப்பா, இங்க ஒருத்தர் கேக்கறார், இது காய்க்குமான்னு. வந்து சொல்லேன்."

"நீயே சொல்லு அண்ணா" என்றாள் பாப்பா, செடியிலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் வேலையா இருக்கேன்."